பசித்தவரும் படித்தவரும்: தானம் பெறத் தகுதி யாருக்கு?

‘பாத்திரம் அறிந்து பிச்சை இடு’ என்கிறது பழமொழி. ஔவையாரின் ஆத்திசூடியோ இரப்பவருக்கு இட்ட பிறகே உண்ணச் சொல்கிறது. வந்து நிற்பவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கும்படி அங்கே சொல்லவில்லை. இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே வாயால் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர்.

இந்த இழுபறி வேத காலத்திலேயே தொடங்கிவிட்டது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் 117ஆம் சூக்தம், பசித்து வந்தவனுக்குக் கொடாமல் தனியே உண்பவனைக் கடுமையாகக் கண்டிக்கிறது. அதே வேதத்தில் தானஸ்துதிகள் என்றொரு வகையும் உண்டு. பசுக்களையும் குதிரைகளையும் வாரி வழங்கிய அரசர்களை, அவற்றைப் பெற்ற கவிகளே புகழ்ந்த பகுதிகள் அவை. பெறுபவர் ஓரிடத்தில் பசித்த ஏழை. இன்னோரிடத்தில் வேள்வி நடத்தித் தரும் அறிஞர். பின்னால் வந்த தர்ம சாஸ்திரங்களும் இதிகாசங்களும் பக்தி நூல்களும் இந்த இருவருக்கும் இடையில்தான் மாறி மாறி நிற்கின்றன.

படித்தவருக்குக் கொடுத்தால் பலன் அதிகம்

தர்ம சாஸ்திரங்களின் பக்கம் தெளிவானது. பெறுபவரின் தகுதி உயர உயரக் கொடையின் பலனும் உயரும் என்பது அவற்றின் கணக்கு. பிராமணர் அல்லாதவருக்குக் கொடுத்தால் கொடுத்த அளவே பலன், பிராமணருக்குக் கொடுத்தால் இருமடங்கு, வேதத்தைக் கரைகண்டவருக்குக் கொடுத்தால் அளவில்லாதது என்று கௌதம தர்ம சூத்திரமும் மனு ஸ்மிருதியும் படிநிலை வகுக்கின்றன. கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. திருப்பிச் செய்ய இயலாதவருக்கு, உரிய இடத்தில், உரிய காலத்தில், தகுந்த பாத்திரத்துக்குக் கொடுப்பது சாத்விகம். தகாதவருக்கு அவமதிப்போடு கொடுப்பது தாமசம். இங்கே பாத்திரம் என்பதற்கு ஆறு அங்கங்களோடு வேதம் கற்றவர் என்று சங்கரர் உரை சொல்கிறார். அபாத்திரத்துக்கு அவர் காட்டும் உதாரணம் மூடர், திருடர்.

இடைக்காலத்தில் இது பெரிய நூல்துறையாகவே வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் கஹடவால அரசர் கோவிந்தசந்திரரின் அமைச்சர் லட்சுமீதரர், தம் ‘கிருத்தியகல்பதரு’வில் தானத்துக்கென ஒரு காண்டத்தையே ஒதுக்கினார். வங்காளத்தின் சேன அரசர் வல்லாளசேனர் ‘தானசாகரம்’ தொகுத்தார். 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அரசவையிலிருந்த ஹேமாத்ரி ‘சதுர்வர்க்க சிந்தாமணி’யில் தானகண்டத்தை எழுதினார். அரசனைத் தராசில் நிறுத்தி எடைக்கு எடை பொன் வழங்கும் துலாபுருஷ தானம் போன்ற பெருங்கொடைகளுக்கு இத்தகைய நூல்களே வழிகாட்டி. கொடுப்பவர், பெறுபவர், சிரத்தை, கொடுக்கத் தகுந்த பொருள், இடம், காலம் என்று ஸ்மிருதி ஆசிரியர் தேவலர் சொன்ன தானத்தின் ஆறு உறுப்புகளில் பெறுபவரும் ஒன்று.

கற்றோரை உயர்த்தி இப்படி எழுதியவர்களும் தானம் பெற்றவர்களும் கற்றோரே. சொந்த நலனுக்காக எழுதிக்கொண்டார்கள் என்று விமர்சனம் வருவது இயல்பு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்திவிட முடியாது. இதே நூல்கள் தம் குலத்தாரையே சல்லடை போட்டுச் சலிக்கின்றன. பூனை போல் பக்தி வேடம் போடும் பிராமணருக்கும், கொக்கு போல் ஒடுங்கி நிற்பவருக்கும், வேதம் அறியாதவருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்காதே என்கிறது மனு ஸ்மிருதி. கல்வி மட்டும் போதாது, தவம் மட்டும் போதாது, ஒழுக்கமும் இவ்விரண்டும் கூடினால்தான் ஒருவர் பாத்திரம் என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. ‘தெற்காசியாவில் கொடைக் கோட்பாடுகள்’ பற்றி 2004இல் நூல் எழுதிய மரியா ஹைம், இந்தத் தான நூல்களில் கொடையை இயக்குவது இரக்கத்தைவிட மதிப்பே என்று வாதிடுகிறார். கொடுப்பவர் கீழே குனிந்து கொடுக்கவில்லை, மேலே நிமிர்ந்து பார்த்துக் கொடுக்கிறார். ஏழைக்கு உதவுவது வேறோர் அறம். இது மரியாதை செலுத்தும் அறம். இந்த விளக்கம் பல இடங்களைத் தெளிவாக்குகிறது. ஆனாலும் பிறப்பைத் தகுதிப் படிகளில் முதல் படியாக வைத்த குற்றத்திலிருந்து அது அந்த நூல்களை விடுவிக்காது. கல்வியும் ஒழுக்கமும் முயன்று பெறக்கூடியவை. பிறப்பு அப்படியன்று. கற்கும் உரிமையே மறுக்கப்பட்டவர்களுக்குக் கல்வியை அளவுகோலாக வைத்தது அநீதி, அதை வேறு சொல்லால் சொல்ல வேண்டியதில்லை.

பெறுவதும் பாரம்தான்

இந்தக் கோட்பாட்டுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தகுதியுள்ளவர் தானம் வாங்கத் தயங்க வேண்டும் என்பதும் சாஸ்திரம்தான். வாங்க உரிமை இருந்தாலும் வாங்கிக்கொண்டே இருந்தால் பிரம்ம தேஜஸ் அணைந்துபோகும் என்று மனு எச்சரிக்கிறது. தவமும் கல்வியும் இல்லாமல் தானத்துக்கு அலைபவர், கல்லால் ஆன தெப்பத்தில் ஏறியவர் போலக் கொடுத்தவரையும் கூட்டிக்கொண்டு மூழ்குவாராம். ஆக, கேட்டு வருபவர் தகுதியை இழக்கிறார். தகுதியுள்ளவர் கேட்டு வருவதில்லை.

கொடையோடு கொடுத்தவரின் பாவமும் கைமாறுகிறது என்ற நம்பிக்கையே இந்தத் தயக்கத்தின் வேர். காசியில் ஈமக்கிரியைகளை நடத்தும் புரோகிதர்களிடையே களஆய்வு செய்த மானிடவியலாளர் ஜொனாதன் பேரி இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இறந்தவரின் பெயரால் வரும் கட்டில், பாத்திரம், துணிமணி, பணம் எல்லாவற்றையும் வாங்குவது அவர்களின் பிழைப்பு. யாத்திரிகர்களின் பாவமெல்லாம் தங்கள் வழியே ஓடும் சாக்கடையாகத் தாங்கள் ஆகிவிட்டதாக அவர்கள் அவரிடம் சொன்னார்கள். பெற்ற பாவத்தைக் கரைக்க வேண்டிய ஜபமும் வேதமும் தங்களுக்குப் போதிய அளவு தெரியாது என்பதும் அவர்களின் கவலை. உத்தரப் பிரதேசத்தில் பஹன்சு என்ற கிராமத்தை ஆராய்ந்த குளோரியா ரஹேஜா, 1988இல் வெளிவந்த தம் நூலுக்குக் ‘கொடையில் உள்ள நஞ்சு’ என்றே பெயர் வைத்தார். அங்கே நிலவுடைமைச் சாதியினர் கொடுக்க, பிராமணர் உட்பட மற்றவர்கள் பெற்றுக்கொண்டு அமங்கலத்தையும் ஏற்றார்கள் என்பது அவர் கண்டது. தானம் பெறுவது எப்போதும் சலுகை என்று எண்ணுபவர்கள் இவ்விரு ஆய்வுகளையும் படிக்க வேண்டும். இவை இரு வட்டாரங்களின் நிலவரம் என்பதையும், இந்தியா முழுமைக்கும் அப்படியே பொருத்த முடியாது என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

பசிக்குக் கோத்திரம் கேட்பதில்லை

எதிர்ப்பக்கமும் அதே பழமை உடையது. விருந்தினராக வந்தவர் வேண்டியவரோ வேண்டாதவரோ, மூடரோ பண்டிதரோ, உணவிட வேண்டும் என்பது பராசர ஸ்மிருதி. உணவு கேட்டு வந்தவரிடம் கோத்திரத்தையும் ஊரையும் படிப்பையும் விசாரிக்கக் கூடாது என்று மகாபாரதத்தின் ஆநுசாசன பர்வம் சொல்கிறது. அதே மகாபாரதத்தின் அசுவமேத பர்வத்தில் பாதி உடல் பொன்னான கீரி வருகிறது. பஞ்ச காலத்தில், சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழ்ந்த ஒரு குடும்பம் தன்னிடமிருந்த கொஞ்சம் மாவை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டது. அந்த மிச்சத்தில் புரண்டபோது கீரியின் பாதி உடல் பொன்னாயிற்று. தருமரின் அசுவமேத வேள்விச் சாலையில் புரண்டும் மறுபாதி மாறவில்லை. இங்கே கொடையின் பெருமையை அளப்பது கொடுத்தவரின் இழப்பு. பெறுபவரின் படிப்பு அளவுகோலாகவில்லை.

உணவுக்குத் தகுதி பார்க்காத இந்த மரபும் மாசற்றது அன்று. இல்லறத்தார் நாள்தோறும் இட வேண்டிய பலியைச் சொல்லும் மனு, நாய்க்கும் சாதியிழந்தவருக்கும் நாய்க்கறி சமைப்பவருக்கும் தீரா நோயாளிக்கும் காக்கைக்கும் புழுவுக்கும் தரையில் வைக்கச் சொல்கிறது. யாரையும் பட்டினி போடவில்லை என்று இதைப் பாராட்டலாம். மனிதரை நாயோடு ஒரே வரிசையில் நிறுத்தித் தரையில் சோறு வைத்ததைப் பாராட்ட முடியாது.

தமிழகத்தில் இந்தப் பக்கத்தின் குரல் ஓங்கியே ஒலித்திருக்கிறது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை எதிர்பார்ப்புள்ளவை என்று ஈகை அதிகாரத்தின் முதல் குறள் வரையறுக்கிறது. பௌத்த காப்பியமான மணிமேகலையும் கைம்மாறு செய்ய வல்லவருக்குக் கொடுப்பதை அறத்தை விலைபேசுவதாகவே பார்க்கிறது. நடைமுறையில் இது எப்படி இருந்தது என்பதற்குத் தஞ்சை மராட்டியரின் சத்திரங்கள் நல்ல சான்று. 1801இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம், பிராமணர் முதல் பறையர் வரை, ஜோகிகள், ஜங்கமர், பைராகிகள் என்று வழிப்போக்கர் அனைவருக்கும் அங்கே சோறு வழங்கப்பட்டதை விவரிக்கிறது. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசி அளந்தார்கள். நள்ளிரவில் மணி அடிக்கும். அதுவரை சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து உண்ணலாம் என்பதற்கான அழைப்பு அது. நோயாளிகளுக்கு வைத்தியர் உண்டு, கர்ப்பிணிகளுக்குக் கவனிப்பு உண்டு.

1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார் இதை ஒரு தத்துவமாகவே ஆக்கினார். எந்தத் தேசத்தார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார், செய்கை எப்படிப்பட்டது என்று விசாரியாமல் பசியாற்ற வேண்டும் என்பது அவர் போதித்த ஜீவகாருண்ய ஒழுக்கத்தின் நடு. செய்கையையும் அவர் பட்டியலில் சேர்த்தது கவனிக்கத்தக்கது. ஒழுக்கம் கெட்டவருக்கும் பசி பசிதான். அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

ஒரே புலவர், இரண்டு பாட்டு

இரு பக்கங்களையும் இரு கட்சிகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். நூல்களை நெருங்கிப் படித்தால் அந்தப் பிரிவினை நிலைக்கவில்லை. கபிலரைப் பாருங்கள். பாரியைப் பாடும் புறநானூறு 106ஆம் பாட்டில், எளிய எருக்கம்பூவையும் தெய்வம் மறுக்காதது போல, அறிவில்லாதவர் வந்தாலும் பாரி கொடுப்பான் என்கிறார். மலையமான் திருமுடிக்காரியைப் பாடும் 121ஆம் பாட்டில் அவரே வேறு பேச்சுப் பேசுகிறார். அள்ளிக் கொடுப்பது எளிது, தரம் அறிவதுதான் அரிது; புலவர்களை எல்லாம் ஒரே கண்ணால் பார்க்காதே என்று அரசனுக்குப் புத்தி சொல்கிறார். பரணர் பேகனின் கொடைமடத்தை, அதாவது வரையறை பாராமல் கொடுக்கும் இயல்பைப் புகழ்வதையும் இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

திருமந்திரமும் அப்படியே. முதல் தந்திரத்தில் எவருக்கும் இடுங்கள், அவர் இவர் என்று பாராதீர்கள் என்ற கருத்து. இரண்டாம் தந்திரத்தில் பாத்திரம், அபாத்திரம் என்று தனித்தனிப் பகுதிகள். குறளிலோ, வறியவர்க்கு ஈவதே ஈகை என்ற அதே ஆசிரியர், செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் உதவியின் அளவு உதவி பெற்றவரின் சால்பைப் பொறுத்தது என்கிறார். ஒப்புரவு அதிகாரத்தில் ஈட்டிய பொருள் தக்கார்க்குப் பயன்படுவதற்கே என்கிறார்.

இவர்கள் எல்லோரும் தம்மைத் தாமே மறுத்துக்கொண்டார்கள் என்று சொல்வதைவிடப் பொருத்தமான விளக்கம் ஒன்று உண்டு. இரு இடங்களிலும் கொடுக்கப்படும் பொருள் வேறு. ஒருவேளைச் சோற்றுக்கும் தண்ணீருக்கும் தகுதி கேட்கக் கூடாது. நிலத்துக்கும் பொன்னுக்கும் பட்டத்துக்கும் பதவிக்கும் கேட்டே ஆக வேண்டும். வள்ளலாரே இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார். கொலையையும் புலால் உணவையும் விடாதவரைப் புற இனத்தார் என்று ஒதுக்கும் அவர், அவர்களுக்கும் பசி தவிர்த்தல் மட்டும் செய்தே ஆக வேண்டும் என்கிறார். சமண மரபில் இது இன்னும் தெளிவு: தகுந்தவருக்குச் செய்யும் சுபாத்திர தானம் வேறு, எவ்வுயிர்க்கும் செய்யும் அனுகம்பா தானம் வேறு என்று அவர்கள் பெயரிட்டே பிரித்தார்கள். இந்து நூல்களில் அந்தப் பிரிவு பரவிக் கிடக்கிறது, ஒரே இடத்தில் தொகுக்கப்படவில்லை. சொத்துக்கான விதியைச் சோற்றுக்கும் பொருத்தியதில்தான் பல கொடுமைகள் பிறந்தன.

ஏமாற்றுபவர் என்று தெரிந்தே கொடுப்பது

புராணங்கள் இந்தக் கேள்வியை வேறு திசையில் திருப்புகின்றன. வந்திருப்பவர் யாரென்று சுக்கிராச்சாரியார் எச்சரித்தும் மகாபலி வாமனருக்கு மூன்றடி நிலம் கொடுத்தார். சூரியன் முன்கூட்டியே சொல்லியும் கர்ணன் கவச குண்டலங்களை இந்திரனுக்கு அறுத்துக் கொடுத்தான். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார், திருநீற்றுக் கோலத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்லி உயிர் விட்டார். வேதக் கல்வி இருந்த இடத்தில் சேக்கிழார் சிவவேடத்தை வைக்கிறார். அளவுகோல் மாறியது பெரிய மாற்றம்தான். பிறப்பைத் தாண்டி அடியாரானவர் எவரும் பாத்திரம் ஆகிறார். ஆனால் வேடம் யாரும் போடக்கூடியது என்பதையும் இதே கதை காட்டிவிடுகிறது. இக்கதைகள் கொடுத்தவரின் மனத்திண்மையைப் போற்றுகின்றன. அன்றாடக் கொடைக்கு விதியாக இவற்றை எடுப்பது சிரமம்.

ஹிதோபதேசம் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. குளக்கரையில் கிழப்புலி ஒன்று குளித்துவிட்டுக் கையில் தர்ப்பையும் பொன் காப்புமாக உட்கார்ந்திருக்கிறது. போகிற வழிப்போக்கனைக் கூப்பிட்டு, செல்வருக்குக் கொடாதே, ஏழைக்குக் கொடு, மருந்து நோயாளிக்குத்தான் என்று தான தர்மம் பேசுகிறது. பாத்திரம் பற்றிய கீதையின் கருத்தும் அதன் வாயில் வருகிறது. நம்பிக் குளத்தில் இறங்கியவன் சேற்றில் சிக்கிப் புலிக்கு இரையானான். கொடுப்பவரையும் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் அரிய இடம் இது.

உழைக்கக் கூடியவருக்கு இலவசச் சோறு

நவீன காலத்தில் வாதம் மறுபடி கூர்மையானது. 1897இல் ராமகிருஷ்ண மிஷனை நிறுவிய விவேகானந்தர் ஏழையைத் தரித்திர நாராயணராகக் கண்டார். கொடுப்பவரே பெறுபவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். சாஸ்திரம் கற்றவருக்குக் கொடுத்த உயர்பீடத்தை அவர் பசித்தவருக்கு மாற்றிக் கொடுத்தார் எனலாம். காந்தி இதற்கு நேர் எதிராகத் தோன்றும் நிலையை எடுத்தார். நேர்மையாக உழைக்காத, உடல் நலமுள்ள ஒருவருக்கு இலவச உணவு அளிப்பதைத் தம் அகிம்சை பொறுக்காது என்றும், அதிகாரம் இருந்தால் இலவசச் சோறு போடும் சதாவிரதங்களை மூடிவிடுவேன் என்றும் 1925இல் ‘யங் இந்தியா’வில் எழுதினார். இரப்பவரின் மானத்தைக் காக்கும் அக்கறை அதில் இருக்கிறது. வேலையே கிடைக்காத ஊரில் அந்த விதி என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது.

வினோபா பாவே தானம் என்பதைப் பங்கிட்டுக்கொள்ளுதல் என்று சங்கரரின் கீதை உரையை ஒட்டி விளக்கினார். 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தலித் குடும்பங்கள் அவரிடம் 80 ஏக்கர் கேட்க, நிலக்கிழார் ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தர முன்வந்ததில் பூதான இயக்கம் பிறந்தது. பெறுபவருக்கு ஒரே தகுதி: நிலமின்மை. சொத்தைக் கொடுக்கும்போதும் ஒழுக்கச் சோதனை வைக்காத துணிவு அதில் உண்டு. ஆனால் கிடைத்த நிலத்தில் கணிசமானது சாகுபடிக்கு ஆகாததாகவோ வழக்கில் சிக்கியதாகவோ இருந்தது. இங்கே சறுக்கியது பெறுபவரின் தகுதி அன்று, கொடுக்கப்பட்ட பொருளின் தகுதி.

தீராத பகுதி

சோற்றுக்கும் பெருஞ்சொத்துக்கும் நடுவில் பரந்த வெளி இருக்கிறது: மருத்துவச் செலவு, கல்விக் கட்டணம், கடன், திருமணம். இதற்குக் கௌதம தர்ம சூத்திரத்தின் இன்னொரு பட்டியல் உதவக்கூடும். குருவுக்காகக் கேட்பவர், திருமணத்துக்குக் கேட்பவர், மருந்துக்குக் கேட்பவர், பிழைப்பு இழந்தவர், படிப்பவர், வழிப்போக்கர் ஆகியோருக்குப் பொருள் பகிர்ந்து தர வேண்டும் என்கிறது அது. மற்ற இரவலருக்குச் சமைத்த உணவு. வாக்குக் கொடுத்திருந்தாலும் அதர்மமான காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சேர்க்கிறது. ஆளின் குலத்தை விட்டுத் தேவையின் தன்மையைப் பார்க்கும் இந்த அளவுகோல், மரபு நமக்கு விட்டுச்சென்றவற்றில் மிகவும் பயனுள்ளது என்றே தோன்றுகிறது. பலன் பெருகும் படிநிலைக் கணக்கு பெற்ற கவனத்தில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

சோழர் காலக் கோயில்கள் இதே வழியில் நிறுவனங்களைப் பாத்திரமாக்கின. முதலாம் ராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர்களுக்கு உணவும் படிப்பும் ஏற்பாடானதைச் சொல்கிறது. வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைக் குறிக்கிறது. எண்ணாயிரத்தில் படித்தது வேதமும் சாஸ்திரமும் என்பதால் பயனடைந்த வட்டம் குறுகியதே. இன்று வருமான வரிச் சலுகை தரும் சான்றிதழும், கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவும் பாத்திரத்தைத் தீர்மானிக்கின்றன. கணக்கு ஒழுங்காக வைக்கும் அமைப்பு தகுதி பெறுகிறது. ஆவணம் இல்லாத தனி ஏழை அந்த வாசலில் நிற்கவே முடியாது.

உறவினரா அந்நியரா என்ற வழக்கும் முடியவில்லை. சொந்த மனிதர் துயரப்படும்போது வெளியாருக்கு வாரி வழங்குவது அறத்தின் போலி என்று மனு சொல்கிறது. உறவு எல்லை எங்கே முடிகிறது என்பதை அது சொல்லவில்லை. இரப்பவரை எப்படி நடத்துவது என்பதில் சட்டமும் தடுமாறியிருக்கிறது. இரப்பதையே குற்றமாக்கிய பம்பாய்ச் சட்டத்தின் பிரிவுகளை, டெல்லிக்குப் பொருந்திய அளவில், டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. வேறு பல மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் இன்னும் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி, பெறுபவரின் சொல் இல்லாதது. புறநானூறு 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், தம்மை நேரில் காணாமல் அதியமான் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கிறார். தாம் வணிகப் பரிசிலர் அல்லர் என்கிறார். மதித்துக் கொடுக்கப்பட்டால் சிறிதும் போதும் என்பது அவர் நிலை. புகழ்பெற்ற புலவருக்கு அந்தத் துணிவு இருந்தது. அன்னதான வரிசையில் நிற்பவருக்கும், கல்வி உதவிக்காகத் தன் வறுமையைப் பக்கம் பக்கமாக நிரூபிக்கும் மாணவிக்கும் அது இல்லை. தகுதியை எந்த அதிகாரத்தில் யார் அளப்பது என்பதற்கு இந்து மரபில் தீர்ந்த விடை கிடையாது. அறக்கட்டளை நடத்துவோரும் கோயில் நிர்வாகத்தாரும் தங்கள் விண்ணப்பப் படிவங்களின் கேள்விகளை, அவற்றை நிரப்ப வேண்டியவர்களோடு உட்கார்ந்து பேசித் திருத்த முன்வர வேண்டும்.